கேட்காமல் கொடுக்கப்பட வேண்டிய பங்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மத்ரஸா திண்ணையில் வந்து அமர்ந்தார். வயது எழுபதைக் கடந்தவர். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் வசிக்கும் மகனிடம் ஆறு மாதம் தங்கிவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பியிருந்தார். பயணத்தைப் பற்றி நான் கேட்டபோது, அங்குள்ள பெரிய கட்டடங்களையோ கடைவீதிகளையோ அவர் சொல்லவில்லை. மீன் பிடித்ததைச் சொன்னார்.

மகன் வீட்டுக்கு அருகில் ஓர் ஏரி. அடுத்த வீட்டில் ஒரு முதியவர், முன்னாள் படைவீரர். காலையில் இருவரும் தூண்டிலோடு கரைக்குப் போவார்களாம். இவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை. ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்து உரிமச் சீட்டைக் கேட்டிருக்கிறார். அடுத்த வீட்டு முதியவர் தம் அடையாள அட்டையை மட்டும் காட்டினார். அதிகாரி தலையசைத்துவிட்டு நகர்ந்தார். இவரோ மகன் பணம் கட்டி வாங்கிக் கொடுத்திருந்த உரிமத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

"ஹள்ரத், அவருக்கு மட்டும் ஏன் சீட்டு வேண்டாம் என்று மகனிடம் கேட்டேன். அவர் இந்த மண்ணுக்காரர், 65 வயதைத் தாண்டியவர், அதனால் அவருக்கு உரிமம் தேவையில்லை, நீங்கள் விருந்தாளி என்று சொன்னான். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஊருக்கு வந்த பிறகு ஒரு யோசனை. நம் ஊரில் நான் விருந்தாளி இல்லையே. இங்கே எனக்கு அப்படி என்ன இருக்கிறது?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதிலே இந்தக் கட்டுரை.

அங்கே இருக்கும் வழக்கம்

அமெரிக்காவில் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் உரிமம் வழங்கும் பொறுப்பு மாநில அரசுகளுடையது. ஃபுளோரிடாவிலும் அலபாமாவிலும் அம்மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு 65 வயது நிறைந்துவிட்டால் உரிமக் கட்டணம் இல்லை. வயதுக்கும் வசிப்பிடத்துக்கும் சான்று இருந்தால் போதும். டெக்சாஸில் 1931 ஜனவரி முதல் நாளுக்கு முன் பிறந்தவர்கள் உரிமமின்றி மீன் பிடிக்கலாம். போரிலோ பணியிலோ உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கு அங்கே வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சேர்த்தே இலவச உரிமம் உண்டு. இங்கிலாந்தில் தூண்டில் உரிமத்திற்கு 66 வயதைக் கடந்தவர்கள் குறைந்த கட்டணம் செலுத்தினால் போதும்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தச் சலுகை ஏழை என்பதற்காகத் தரப்படுவதில்லை. அந்த முதியவரின் வங்கிக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. அவர் இந்த மண்ணில் வாழ்ந்தார், வரி கட்டினார், உழைத்தார் அல்லது படையில் நின்றார் என்பதே காரணம். இரண்டாவது, அவர் எங்கும் போய்க் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. அட்டையைக் காட்டுகிறார், அதோடு முடிந்தது.

இதற்குச் செலவு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் 1937-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டப்படி துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரிப்பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பங்கு, மாநிலத்தின் பரப்பளவையும் பணம் கட்டி உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. எல்லா முதியவர்களுக்கும் முற்றிலும் இலவசம் என்றால் அந்த எண்ணிக்கை குறைகிறது. காட்டையும் ஏரியையும் பராமரிக்கும் நிதியும் குறைகிறது. ஆகவே சில மாநிலங்கள் முழு இலவசத்தைக் கைவிட்டு முதியவர்களிடம் சிறு கட்டணம் பெறும் முறைக்கு மாறியுள்ளன. சலுகை என்றால் அதன் சுமையை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். அதை மறைக்காமல் பேசுவதே நேர்மை. எனினும் செலவு இருக்கிறது என்பதற்காக முதியவரின் பங்கை ஒரேயடியாக அழித்துவிடுவது வேறு. அதை அளந்து திருத்துவது வேறு.

வேட்டை நமக்கு வேண்டாம்

நம் பக்கம் திரும்புவோம். பண்ணைப்புரத்தை அடுத்துள்ள கோம்பையின் பெயரில் ஒரு நாய் இனமே உண்டு. கோம்பை நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு வேட்டை புதிதன்று. ஆனால் இந்த நாட்டில் வேட்டை உரிமம் என்பது தொடக்கத்திலிருந்தே எளிய மனிதனுக்காக உருவானது அன்று. நீலகிரியில் 1879-இல் ஆங்கிலேயர் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தனர். விலங்குகள் அழிந்துபோகாமல் தடுத்ததில் அதற்குப் பங்குண்டு. ஆயினும் அதன் பயனை முதன்மையாக அனுபவித்தவர்கள், பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கி ஏந்திய துரைமார்களே.

விடுதலைக்குப் பின் வந்த 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட வேட்டை உரிமங்களுக்கு இடமிருந்தது. 1991-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த வாயிலை மூடியது. இன்று உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர இந்தியாவில் வேட்டை குற்றம். நம் கண்ணெதிரே தெரியும் மேகமலை, திருவில்லிபுத்தூர் மலைகளோடு சேர்ந்து 2021 முதல் புலிகள் காப்பகமாகவும் இருக்கிறது.

இதற்காக ஒரு முஸ்லிம் வருந்த வேண்டியதில்லை. உணவுக்காக வேட்டையாடுவதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது; பயிற்சி பெற்ற வேட்டை நாய் பிடித்ததைப் பற்றிய சட்டம் சூரத்துல் மாயிதாவிலேயே வந்துள்ளது. ஆனால் வீணாக, விளையாட்டுக்காக ஓர் உயிரைக் கொல்வது வேறு. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்ற கருத்தில் நஸாயீயில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. அதே மாயிதா அத்தியாயத்தில், இஹ்ராம் அணிந்தவருக்குத் தரையின் வேட்டை தடுக்கப்பட்டிருக்க, நீரின் வேட்டை அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

வியப்பாக, நம் நாட்டுச் சட்டம் ஒன்றிலும் இதற்கு இணையான ஒரு பிரிவினையைக் காண்கிறேன். காடுவாழ் மக்களுக்காக 2006-இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், நீர்நிலைகளின் மீன்மீது அவர்களுக்குள்ள சமூக உரிமையை ஏற்கிறது. வேட்டையாடும் பழைய உரிமையை ஏற்க மறுக்கிறது. கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி. அங்கே பெரியாறு ஏரியில் மன்னான் பழங்குடி மக்கள் இன்றும் மீன் பிடிக்கிறார்கள். அந்த உரிமையை யாரும் அவர்களுக்குத் தானமாகத் தரவில்லை. அது அவர்களுடைய பங்கு.

கண்மாயில் வெள்ளை வீசுபவர்

ஆகவே பெரியவரின் கேள்வியை வேட்டையை விடுத்து மீனோடு நிறுத்திக்கொள்வோம். நம் பகுதியில் 18-ஆம் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் கண்மாய்கள் நிரம்பும். முல்லைப் பெரியாற்றின் நீர்தான் அது. கண்மாயில் மீன்பாசிக் குத்தகை ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்க்கிறார், காவல் போடுகிறார். சிறுவயதில் தந்தையோடு அதே கரையில் தூண்டில் போட்ட ஒரு முதியவர் இன்று கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். தூண்டிலை எடுத்தால் காவலாளி வந்துவிடுவார்.

குத்தகைதாரரைக் குறைகூற முடியாது. அவர் பணம் போட்டு வளர்த்த மீனில் அவர் அனுமதியின்றிக் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை. அது ஹராம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவன் நான். கேள்வி ஏலத்துக்குப் பிறகு எழுவதன்று. ஏலத்துக்கு முன் எழ வேண்டியது. பொதுச் சொத்தை ஏலம் விடும்போது, அந்த ஊரின் முதியவர்களுக்கென்று அதில் ஏதாவது ஒதுக்கி வைத்தோமா?

நம் முன்னோர் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடப்பதைச் செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். விடிவதற்கு முன்பே சுற்றுவட்டாரச் சனங்கள் ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி நிற்பார்கள். சாதி, சமயம் பார்ப்பதில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கிடைத்த மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பதும், உறவினருக்குக் கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கம்.

அந்தப் பெரியவரைப் பாருங்கள். அவரால் சேற்றில் இறங்க முடியாது. ஊத்தாவைத் தூக்கிக் குத்த முடியாது. ஆனால் அவர் துண்டை வீசாமல் இளைஞன் ஒருவனும் நீரில் கால் வைக்க மாட்டான். அவர் வீட்டு வாசலுக்கு மீன் தானாக வந்து சேரும். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத ஒரு முதியோர் உரிமம் அது. ஃபுளோரிடாவில் அட்டையைக் காட்டிய அந்த முன்னாள் படைவீரருக்குக் கிடைத்ததும், இங்கே வெள்ளை வீசும் பெரியவருக்குக் கிடைப்பதும் அடிப்படையில் ஒன்றே. உன்னுடைய வலிமை போய்விட்டது. உன் பங்கு போகவில்லை என்று ஊர் அவருக்குச் சொல்கிறது.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. முதியவரைக் கண்ணியப்படுத்தாதவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைத் திர்மிதீ பதிவுசெய்கிறார். முதலாவது பொதுச் சொத்தைப் பற்றியது. இரண்டாவது முதியவரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொதுச் சொத்தில் முதியவருக்குரிய இடம் எது என்பது விளங்கிவிடும்.

இதைச் செயலில் காட்டியவர் கலீஃபா உமர் (ரழி) அவர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜ் என்னும் நூலில் இந்நிகழ்ச்சியை எழுதுகிறார்கள். வாசலில் நின்று யாசிக்கும் ஒரு பார்வையிழந்த முதியவரை உமர் (ரழி) அவர்கள் கண்டார்கள். விசாரித்தபோது அவர் யூதர் என்றும், ஜிஸ்யா வரியும் தேவையும் முதுமையும் சேர்ந்து அவரை யாசிக்க வைத்தன என்றும் தெரிந்தது. அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. பைத்துல்மால் பொறுப்பாளருக்குச் சொல்லியனுப்பி, அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் வரியை நீக்கச் செய்தார்கள். இளமையில் அவருடைய உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் கூறிய காரணம்.

இந்நிகழ்ச்சியில் இரக்கத்தைவிடக் கணக்கு முன்னிற்கிறது. அந்த முதியவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். ஆகவே இப்போது பெறுவது தானம் அன்று என்பதே அந்தக் கணக்கு. அவர் முஸ்லிமும் அல்லர். அந்நாட்டில் வாழ்ந்தார், வரி கட்டினார், முதுமை அடைந்தார். அவ்வளவே தகுதி.

படையில் நின்றவர்களின் பங்கு பற்றியும் ஸஹாபாக்களிடையே ஆழமான கருத்து வேறுபாடு இருந்தது. அபூபக்ர் (ரழி) அவர்கள் பைத்துல்மாலின் பங்கை எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தார்கள். முன்னோடிகளின் தியாகத்துக்குக் கூலி அல்லாஹ்விடம் உண்டு. இது வாழ்வாதாரம், இதில் சமத்துவமே சிறந்தது என்பது அவர்களின் நிலை. உமர் (ரழி) அவர்களோ தீவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, பத்ரில் கலந்துகொண்டவர்களுக்கும் இஸ்லாத்தில் முந்தியவர்களுக்கும் அதிகமாக வழங்கினார்கள். பிற்காலத்தில், தாம் உயிரோடு இருந்தால் அடுத்த ஆண்டு எல்லோரையும் சமப்படுத்துவதாக அவர்களே கூறியதாகவும் அறிவிப்பு உண்டு.

சேவைக்காகக் கூடுதல் தருவதா, தேவையைப் பார்த்துச் சமமாகத் தருவதா என்ற கேள்வியில் அந்த இருபெரும் கலீஃபாக்களுமே வேறுபட்டார்கள் என்றால், இன்று நாம் விவாதிப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றில் இருவரும் ஒன்றுபட்டிருந்தார்கள். முதியவர் வந்து கெஞ்சட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்களில் எவரும் இருக்கவில்லை. பெயரைப் பதிவேட்டில் எழுதினார்கள். பங்கு வீடு தேடிச் சென்றது.

இரயில் வந்தது, சலுகை வரவில்லை

இந்த அளவுகோலோடு நம் மாவட்டத்தைப் பாருங்கள். மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதை 2010-இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் இரயில் வந்தது. போடியிலிருந்து சென்னைக்கே இரயில் கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் முதியவர்கள்தாம் அதிகம். பேருந்தில் இரவு முழுவதும் அமர்ந்து போக முடியாதவர்கள் அவர்கள்தாமே.

ஆனால் பாதை மூடிக் கிடந்த இடைவெளியில் ஒன்று காணாமல் போயிருந்தது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணத்தில் குறைத்துவந்த இரயில்வே, கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச் மாதம் அந்தச் சலுகையை நிறுத்தியது. நோய் ஓய்ந்தது, சலுகை திரும்பவில்லை. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது.

அரசின் தரப்பையும் சொல்வதே நீதி. எல்லாப் பயணிகளுக்குமே கட்டணத்தில் சராசரியாக 46 விழுக்காட்டை இரயில்வே ஏற்கிறது என்று அமைச்சகம் 2024-இல் கூறியது. மறுபுறம், நாடாளுமன்ற நிலைக்குழுவே குறைந்தபட்சம் சாதாரணப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலுமாவது முதியோர் சலுகையை மீண்டும் தருவது குறித்துப் பரிசீலிக்கும்படி பரிந்துரைத்தது. இது நடுநிலையான யோசனை. உயர்வகுப்பில் போகும் வசதியுள்ள முதியவருக்குச் சலுகை இல்லாமல் போனால் குறைவில்லை. சென்னையில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர் படுக்கை வகுப்பில்தான் போகிறார்.

பேருந்தில் நிலைமை சற்று வேறு. 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள், குறிப்பாக முதிய விதவைப் பெண்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் மருத்துவமனைக்குப் போகவும் இன்று யாரிடமும் காசு கேட்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ். சென்னை மாநகரில் 60 வயதைக் கடந்த இருபாலருக்கும் மாதம் பத்துப் பயண டோக்கன்கள் தரப்படுகின்றன. நம் ஊர்ப் பேருந்தில் ஏறும் எழுபது வயது ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சென்னையில் முதுமை அடைந்தவருக்கு உள்ளது, மலையடிவாரத்தில் முதுமை அடைந்தவருக்கு ஏன் இல்லை?

நம் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகை

அரசிடம் கேட்பது எளிது. இனி நம்மிடமே கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஓதி முடித்துப் பட்டயம் பெற்ற புதிதில் வேறோர் ஊரில் சில காலம் பணியாற்றினேன். அந்த ஜமாஅத்தில் வரி பாக்கி வைத்திருப்போரின் பட்டியலை ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதில் ஒரு முதியவரின் பெயரும் இருந்தது. அந்தப் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது கூலி வாங்காமல் கல் சுமந்தவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. பட்டியல் ஒட்டப்பட்ட பின், முதல் ஸஃப்பில் நிற்கும் வழக்கமுடைய அவர் கடைசி ஸஃப்புக்குப் போனார். பிறகு ஜும்ஆவுக்கு மட்டும் வந்தார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் ஊர் மாறினேன். அவர் வஃபாத்தான செய்தி பின்னர் வந்தது.

அவருடைய பாக்கி அதிகமில்லை. யாரேனும் ஒருவர் ஒரு தேநீர்க் கடையில் செலவிடும் பணத்துக்குள் அடங்கும். ஆனால் அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றால் அவர் மனு எழுதி, கூட்டத்தில் எழுந்து நின்று, தம்மிடம் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது விதி. கல் சுமந்த மனிதர் அதைச் செய்யவில்லை. யாசிக்க நாணுவதால் அறியாதவர்களால் செல்வந்தர் என்று எண்ணப்படுபவர்களைப் பற்றிக் குர்ஆன் சூரத்துல் பகராவில் பேசுகிறது. அவர்களை அடையாளத்தால் அறிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது. நாமோ அவர்களின் பெயரைப் பலகையில் எழுதி அறிவித்தோம். அதை எழுதிய கை என்னுடையது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் பணிவான கோரிக்கைகள் சில.

65 வயது நிறைந்தவர்களுக்கு வரியை நீக்குங்கள். மனு கேட்காதீர்கள்; பதிவேட்டில் பிறந்த ஆண்டைப் பார்த்து நீங்களே நீக்குங்கள். வரி இல்லை என்பதால் வாக்குரிமையோ, நிக்காஹ் தஃப்தருக்கும் கபரஸ்தானுக்கும் உள்ள உரிமையோ குறையாது என்பதை விதியிலேயே எழுதுங்கள். வசதியுள்ள முதியவர் தாமாகக் கொடுக்க விரும்பினால் அது ஸதகா, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

வசதியுள்ளவருக்கும் ஏன் நீக்க வேண்டும் என்ற கேள்வி வரும். ஏழை முதியவருக்கு மட்டும் என்று வைத்தால், அவர் ஏழை என்று ஒவ்வோர் ஆண்டும் ஊர் முன்னிலையில் நிரூபிக்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் என்று வைத்தால் யாருடைய முகமும் வாடாது. அதனால் குறையும் சிறு தொகையை இளைய தலைமுறையின் வரியில் சற்று உயர்த்தி ஈடுகட்டலாம். இன்று கூடுதலாகக் கொடுப்பவரும் நாளை முதியவர்தானே.

கண்மாய் ஏலத்தைப் பற்றியும் ஒரு கருத்து. ஊராட்சிக் கூட்டங்களில் நம் மக்கள் கலந்துகொள்கிறார்கள். அடுத்த ஏலத்துக்கு முன், 60 வயதைக் கடந்த உள்ளூர் முதியவர்கள் எந்தச் சமயத்தவராயினும் வாரம் ஒரு நாள் தூண்டில் போட்டுக்கொள்ளலாம், வலை கூடாது, விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கும்படி கேட்கலாம். ஏலம் எடுப்பவர் அதை முன்கூட்டியே அறிந்து விலை சொல்வார். அவருக்கும் அநீதி இல்லை. ஒரு தூண்டிலால் கண்மாய் காலியாகிவிடாது. ஆனால் அந்தக் கரையில் அமரும் முதியவருக்கு அது ஒரு வேளைக் குழம்பைவிடப் பெரியது.

இறுதியாக, வீட்டுக்குள். நம் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அனுப்பும் பணத்தில் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மருந்து வருகிறது; குறையில்லை. ஆனால் அவர்கள் பையில் கேட்காமலே செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருக்கிறதா? ஒரு ஜனாஸாவுக்குப் போக, ஓர் ஏழைக்குக் கொடுக்க, பேரனுக்கு மிட்டாய் வாங்க மருமகளிடம் கைநீட்ட வேண்டிய நிலை இருக்கிறதா? பெற்றோருக்குக் கொடுப்பது உபகாரம் என்ற எண்ணத்தோடு கொடுக்கப்பட்டால் அது அவர்கள் கையில் கனக்கும். அவர்களுடையதை அவர்களிடம் சேர்க்கிறோம் என்று கொடுத்தால் இலேசாக இருக்கும்.

சென்ற வாரம் அந்தப் பெரியவரிடம் நான் எழுதிவருவதைச் சொன்னேன். "எனக்கு மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை ஹள்ரத், கரையில் உட்கார்ந்தால் யாரும் எழுந்து போகச் சொல்லாமல் இருந்தால் போதும்" என்றார்.

முதியவர்களின் பங்கை அவர்கள் கேட்கும் முன்பே கொடுத்துவிடும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! என் கை எழுதிய அந்தப் பட்டியலை மன்னிப்பானாக! அந்த முதியவரின் கபரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.